மொம்பாசா கரைக்கு அப்பால்: ராயபுரம் நாட்குறிப்பு

10 நவம்பர் 2024

காலையில் வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்தபடியே, "இந்த வாட்டி போய்ட்டு வந்துடலாம்மா" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு கென்யாவைப் பற்றியது மட்டும்தான்.

முப்பத்தோரு வருஷம் கப்பல் எஞ்சின் அறையில் ஆயில்மேனாக இருந்தவர். அங்கே மொம்பாசாவின் கிலிண்டினி துறைமுகத்துக்கு ஐந்து தடவை போயிருக்கிறார். கப்பல் கரையில் நிற்கும் நாளில்தான் எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை நடக்கும். அதனால் ஐந்து தடவை போயும் ஒரு யானையைக்கூட அவர் பார்த்ததில்லை. மேல்தளத்துக்கு வரும்போதெல்லாம் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் லிகோனி ஃபெர்ரி எதிரே குறுக்கே போகுமாம். சைக்கிள், கோழிக்கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரே கூட்டம். ஒருநாள் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்று கப்பலைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

என் ஆசை வேறு. எனக்கு எட்டு வயதிருக்கும்போது நைனா சென்ட்ரலுக்குப் பின்னால் இருந்த உயிர் காலேஜுக்குக் கூட்டிப்போனார். மியூசியம் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ் என்று சொன்ன காலம் அது. அங்கே ஒரு சிங்கம். நாலு எட்டு வைக்கும், கம்பியில் மூக்கு இடிக்கும், திரும்பும். மறுபடி நாலு எட்டு. அது திரும்புகிற இடத்தில் சிமெண்ட் தரை வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்தத் தேய்ந்த வட்டம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. 1985-இல் வண்டலூரில் பெரிய இடம் திறந்து மிருகங்களுக்குக் காடு மாதிரி அமைத்தபோது நைனா அவ்வளவு சந்தோஷப்பட்டார். எனக்கு, திரும்பாமல் நேரே நடந்துபோகிற ஒரு சிங்கத்தைப் பார்க்க வேண்டும்.

17 நவம்பர்

ஒரு டிராவல்ஸில் திட்டம் கேட்டிருந்தோம், வந்துவிட்டது. ஆறு பகலில் அம்போசெலி, நைவாஷா, நகுரு, சம்புரு, மாசாய் மாரா என்று காட்டுமிருகம் பார்க்கும் ஐந்து இடங்கள். பார்த்தவுடனே வரைபடத்தை விரித்தேன். அம்போசெலி தெற்கே தான்சானியா எல்லையை ஒட்டி இருக்கிறது. சம்புரு நைரோபிக்கும் வடக்கே. மாரா தென்மேற்கில். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரைநாள், முழுநாள் என்று வண்டியிலேயே போய்விடும். அவருடைய இடுப்பு அதைத் தாங்காது. அப்படித் தாங்கினாலும் எனக்கு வேண்டாம். தினம் ஒரு வாசலில் டிக்கெட் வாங்கி ஓடினால் பார்த்தது எதுவும் மனதில் தங்காது.

எங்கள் சென்னை மாநகராட்சி மொத்தம் 426 சதுர கிலோமீட்டர். மாசாய் மாரா காப்பகம் மட்டுமே 1,510. கிட்டத்தட்ட மூன்றரை சென்னை. எண்ணூரிலிருந்து அடையாறு வரை ஒரே நாளில் தெருத்தெருவாகப் பார்க்க முடியுமா? அங்கே மூன்று இரவு வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அம்போசெலி 392, சென்னையைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்கு இரண்டு இரவு. சம்புருவை அடித்துவிட்டேன்.

1 டிசம்பர்

நேற்று முழுக்கப் புயல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் மாலைதான் வந்தது. டார்ச் வெளிச்சத்தில் எந்த மாதம் போவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

எல்லோரும் கேட்பது ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் (மாடு மாதிரி இருக்கும் மான் இனம்), கூடவே வரிக்குதிரைகள், தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி மாராவுக்கு வரும் காலம். மாரா ஆற்றில் முதலைகளுக்கு நடுவே அவை பாயும் காட்சிக்காகக் கரையில் வண்டிகள் முண்டியடிக்கும். கட்டணமும் அதற்கேற்றபடிதான். இந்த வருஷத்திலிருந்து வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு மாராவில் ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200.

பிப்ரவரி என்று முடிவு செய்தோம். அந்த மாதம் வில்டபீஸ்ட் பெருங்கூட்டம் தெற்கே தான்சானியாவில் டூட்டு பக்கம் கன்று போட்டுக்கொண்டிருக்கும். மாராவில் ஆற்றுப் பாய்ச்சல் கிடைக்காது. ஆனால் சிங்கம், சிறுத்தை, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வருஷம் முழுக்க அங்கேயே இருப்பவை. அம்போசெலியில் அது வறண்ட மாதம், காலையில் மேகம் விலகி 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோ தெரிய வாய்ப்பு அதிகம். மலை நிற்பது தான்சானியாவில், ஆனால் யானைக்குப் பின்னால் அது நிற்கிற காட்சி கென்யா பக்கம்தான். அந்த மலையின் தண்ணீர் பூமிக்கு அடியில் ஓடிவந்து அம்போசெலியில் சதுப்பாகப் பொங்குகிறது. சுற்றிலும் புழுதி பறக்கும்போது யானைகள் வயிறு வரை பச்சைச் சேற்றில் நின்று மேயும். சதுப்பு என்றாலே எனக்கு எங்கள் எண்ணூர்க் கழிமுகம்தான். போன டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தபோது கூழைக்கடாக்கள் கறுப்பு இறகோடு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை நேரில் பார்த்தேன். அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஒரு சதுப்பைச் சதுப்பாகவே விட்டுவைத்திருக்கிற இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

29 டிசம்பர்

ஒத்திகைக்காகப் பழவேற்காடு போனோம். வண்ணாரப்பேட்டையில் மின்சார ரயில் ஏறிப் பொன்னேரி, அங்கிருந்து பஸ். பேரனும் வந்தான். புதிதாக வாங்கிய 8x42 பைனாகுலரைப் பழக வேண்டும் என்பதுதான் காரணம். முதல் அரைமணி நேரம் எனக்கு வானமும் படகின் விளிம்பும்தான் தெரிந்தன. படகுக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார்: "கண்ணை எடுக்காம பறவையையே பாருக்கா, கண்ணாடியை அப்படியே மேல தூக்கு." சரியாக வந்தது. தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்ததெல்லாம் பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து, அரித்து அரித்துத் தின்கின்றன. ஒன்று இறக்கையை விரித்தபோது உள்ளே இருந்த சிவப்பைப் பார்த்து "ஆயா, அங்க பாரு!" என்று பேரன் கத்திவிட்டான்.

அங்கேயே நகுரு ஏரியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு காலத்தில் பூநாரைகளால் அதன் கரையே ரோஜா நிறம். 2010-க்குப் பிறகு நீர்மட்டம் ஏறி உப்பு நீர்த்துப்போனதால், பூநாரைகள் தின்னும் பாசி குறைந்து, அவை பெருவாரியாகப் பொகோரியா ஏரி போன்ற இடங்களுக்குப் போய்விட்டன. நகுருவில் காண்டாமிருகம் நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் கறுப்புக் காண்டாமிருகம் நைரோபி தேசியப் பூங்காவிலேயே உண்டு.

திரும்பும் வழியில் டச்சுக்காரர் கல்லறை. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். 1600-களில் நம் கரைத் துணியை வாங்க வந்தவர்கள். அவர் அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே மொம்பாசாவின் ஃபோர்ட் ஜீசஸ் கோட்டையைப் பற்றிச் சொன்னார். அது போர்த்துகீசியர் 1593-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, 2011 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வாஸ்கோ ட காமா 1498-இல் மொம்பாசாவைத் தொட்டு, பக்கத்திலிருக்கும் மாலிந்தியில்தான் வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு கோழிக்கோட்டுக்கு வந்தான். ஒரே கடலின் இரண்டு கரை என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. மொம்பாசா திட்டத்தில் உறுதியாகிவிட்டது.

7 ஜனவரி 2025

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து திரும்பும்போது இந்தச் சான்றிதழ் இல்லையென்றால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். ஊசி போட்ட பத்து நாளைக்குப் பிறகுதான் அது செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளக்கூடாது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எங்களுக்குப் பக்கம் ராஜாஜி சாலையில் இருக்கும் துறைமுக சுகாதார அலுவலகம்.

நேற்று இரவு அவர் பீரோவின் அடித்தட்டைக் குடைந்து ஒரு சின்ன மஞ்சள் புத்தகத்தை எடுத்தார். ஓரம் கரையான் தொட்டிருந்தது. உள்ளே 2004 தேதியோடு முத்திரை, கப்பலுக்குப் போகும்போது போட்ட ஊசி. அந்தக் காலத்தில் பத்து வருஷம்தான் செல்லும் என்பார்கள். 2016 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அதை ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றியது, பழைய சான்றிதழுக்கும் அதுவே விதி. அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை டாக்டர்கள் யோசித்துத்தான் போடுவார்கள். அவருக்கு 63. அந்தப் புத்தகம் அவரைக் காப்பாற்றியது. எனக்கு மட்டும் ஊசி. முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேட்டார்கள். கை இன்னும் கொஞ்சம் வலிக்கிறது.

16 ஜனவரி

காணும் பொங்கல். வண்டலூர் போகலாம் என்றான் பேரன். இன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும் என்று தாத்தா அவனை ராயபுரம் ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன். அந்த வெள்ளைத் தூண்களுக்குக் கீழே நின்று இன்னொரு ரயிலின் கதையைச் சொன்னார்.

மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ஆங்கிலேயர் 1896 முதல் 1901 வரை தண்டவாளம் போட்டார்கள். அதற்காக இந்தியாவிலிருந்து சுமார் 32,000 கூலிகளைக் கப்பலேற்றினார்கள், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து. சுமார் 2,500 பேர் அங்கேயே செத்தார்கள். 1898-இல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது பிடரி இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போயின. டிசம்பரில் இரண்டையும் சுட்டார்கள். அவை இன்று சிகாகோ மியூசியத்தில் நிற்கின்றன. "அந்த ஆளுங்க பேரு எங்க எழுதியிருக்கு தாத்தா?" என்று பேரன் கேட்டான். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. நைரோபி ரயில்வே மியூசியத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

2017-இல் வந்த புதிய ரயில் சாவோ பூங்காவுக்கு நடுவே மேடு கட்டிப் போகிறது. யானைகள் கடக்க அடியில் வழி விட்டிருக்கிறார்கள். நைரோபியிலிருந்து பகல் வண்டியில் மொம்பாசா போகிறோம், ஜன்னலிலிருந்தே யானை தெரியும் என்கிறார்கள். திரும்பும்போது எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டியில் எமாலியில் இறங்கிவிட்டால் அம்போசெலி அங்கிருந்து பக்கம். நைரோபி வரை போய் மறுபடி தெற்கே இறங்குகிற வேலை மிச்சம்.

2 பிப்ரவரி

துணி எடுத்து வைத்தேன். கருநீலமும் கறுப்பும் ட்செட்சி ஈயை இழுக்கும், கடித்தால் கடுமையாக வலிக்கும். அவருடைய நீலச் சட்டைகள் நான்கையும் வெளியே எடுத்தாயிற்று. மண் நிறம், சாம்பல் நிறம் போதும்.

பிளாஸ்டிக் கவர் ஒன்றுகூடக் கூடாது. கென்யா 2017 ஆகஸ்டிலேயே கேரிபேக்கைத் தடை செய்துவிட்டது. 2020 ஜூன் முதல் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் ஆகாது. செருப்பு ஒரு மஞ்சப்பை, மருந்து ஒரு மஞ்சப்பை, எலுமிச்சை ஊறுகாய் எவர்சில்வர் டப்பாவில்.

மாராவில் தங்கும் இடம் காப்பகத்துக்கு வெளியே, மாசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடத்தும் கன்சர்வன்சி ஒன்றில். குத்தகைப் பணம் நேரே நிலக்காரர் கைக்குப் போகிறது, நிலத்தை வேலி போட்டுத் துண்டாக்காமல் விடுகிறார்கள். விலை கூடுதல்தான், மனசுக்கு இது சரி என்று பட்டது. அவர்கள் ஊருக்குள் போவதும் உண்டு. பெண்களே கொம்பு வளைத்து, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிக் கட்டும் வீடுகள். கட்டம் போட்ட சிவப்பு ஷூகா துணியைப் படத்தில் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா, "நம்ம லுங்கி மாரியே கீதே" என்றார். வாலிபர்கள் நின்ற இடத்திலேயே எகிறிக் குதிக்கும் ஆட்டத்தைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் கேட்காமல் யாரையும் படம் எடுக்கமாட்டேன். எங்கள் காசிமேட்டுக்கும் கேமராவோடு வருகிறார்கள். மீன் அறுத்துக்கொண்டிருக்கிற பெண்ணின் முகத்துக்கு நேரே கேட்காமல் நீட்டும்போது அவள் முகம் சுருங்குவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

9 பிப்ரவரி

நாளை மறுநாள் இரவு விமானம். மாராவிலிருந்து நைரோபிக்குத் திரும்புவது சின்ன விமானத்தில். ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து, அதுவும் சக்கரம் இல்லாத மெத்தென்ற பையாக இருக்க வேண்டும். வீட்டில் எடைக்கருவி இல்லை. மீன் விற்கும் அக்காவிடம் தொங்கு தராசை வாங்கிவந்தோம். கொக்கியில் செதில் ஒட்டியிருந்தது, துடைத்துவிட்டு அவர் பையை மாட்டித் தூக்கினார். பதினாறே முக்கால். எதை எடுப்பது? அவருடைய பூட்ஸை எடுத்தேன், பதினைந்தரை. ஊறுகாய் டப்பாவை எடுத்தேன், பதினாலே முக்கால்.

ஊறுகாயை அவர் என் பைக்கு மாற்றினார். மஞ்சள் புத்தகங்கள் இரண்டையும் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டேன். பேரன் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்து, கழுத்து வாரை என் உயரத்துக்குச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனான். தராசை நாளை காலை மீன் வண்டி வருவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.