பாகூர் வாய்க்கால் விலாங்கு எங்கே பிறந்தது?

எங்கள் பக்கம் யாரிடம் கேட்டாலும் விலாங்கு சேற்றில் பிறக்கிறது என்றுதான் சொல்வார்கள். புதுச்சேரி பக்கம் பாகூர் ஏரியில் வலை வீசும் பெரியவர் ஒருவர், "சினை விலாங்க எவன் தம்பி பாத்திருக்கான்? சேறுதான் அதுக்குத் தாய்" என்று அடித்தே சொல்லிவிட்டார்.

சிரிக்க வேண்டாம், அரிஸ்டாட்டிலும் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதி வைத்தார். 1876-ல் மாணவராக இருந்த சிக்மண்ட் பிராய்டு திரியெஸ்தே நகரத்தில் சுமார் 400 விலாங்குகளை அறுத்து ஆணின் விதைப்பையைத் தேடிவிட்டு, கடைசியில் தீர்மானமாக எதுவும் சொல்ல முடியாமல் கட்டுரையை முடித்தார். மனித மனசைத் தோண்டி உலகப் புகழ் பெற்றதெல்லாம் அப்புறம்தான்.

பெரியவர் பார்த்ததிலும் தப்பில்லை. ஏரியிலும் ஆற்றிலும் இருக்கிறவரை விலாங்குக்குச் சினை முற்றாது. அது பிறப்பது ஆழ்கடலில். முட்டையிலிருந்து வரும் குஞ்சு வேப்பிலை மாதிரி தட்டையாக, கண்ணாடி போல இருக்கும். நீரோட்டம் இழுத்த இழுப்புக்கு மாதக்கணக்கில் மிதந்து, கரை நெருங்கும்போதுதான் உருண்டு நீண்டு விலாங்கு வடிவத்துக்கு வரும். அப்போதும் நிறம் கிடையாது, இரண்டு கரும்புள்ளிக் கண்ணும் முதுகெலும்பும் வெளியே தெரியும். முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் ஏறிய பிறகுதான் கறுக்க ஆரம்பிக்கும். சின்ன வயசில் ஈரமான சுவர் என்றால் தொற்றி ஏறிவிடும், தோல் வழியாகவும் மூச்சு விடுவதால் மழை ராத்திரியில் ஈரப் புல்லிலேயே ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும்.

பகலில் மதகுக் கல் இடுக்கிலோ வேர்ப் பொந்திலோ கிடக்கும், இருட்டினால்தான் நண்டு, இறால், புழு, சின்ன மீன் என்று வேட்டை. இப்படியே வருஷக்கணக்கில் ஓடும். பிறகு ஒரு பருவத்தில் வயிறு வெள்ளி போல வெளுத்து, கண் பெருத்து, தீனியை நிறுத்திவிடும், குடலே சுருங்கிப் போகும். வெள்ளம் புரளும் இருட்டு ராத்திரியாகப் பார்த்துக் கடலுக்கு இறங்கினால் திரும்புவதில்லை. ஒரே ஒரு தடவை முட்டையிட்டுச் செத்துப்போகும். விலாங்குக் குழம்பில் அவ்வளவு நெய் மிதக்கிறதே, அது இந்தப் பயணத்துக்குச் சேர்த்து வைத்த கட்டுச்சோறுதான். ஐரோப்பிய விலாங்கு அதை மட்டும் நம்பி 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்துகிறது.

அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க டென்மார்க்கின் உயிரியலாளர் யொஹானஸ் ஷ்மித் 1904 முதல் கப்பலில் அலைந்தார். வழியில் கிடைத்த குஞ்சுகளில் சின்னது, அதைவிடச் சின்னது என்று அளந்துகொண்டே போய், அட்லாண்டிக்கில் சர்காசோ கடல்தான் என்று 1920-களில் அறிவித்தார். ஜப்பானிய விலாங்கின் முட்டையே மரியானா தீவுகள் பக்கம் 2009-ல் கையில் கிடைத்தது. நம் பக்க இந்தியப் பெருங்கடலில், சுமத்ராவுக்கு மேற்கே விலாங்குக் குஞ்சுகள் பிடிபட்டிருக்கின்றன. அவை முட்டையிடும் காட்சியை மட்டும் எந்தக் கடலிலும் ஒருவரும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு நம் ஆறுகளைப் பற்றித்தான் கவலை. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. குஞ்சு ஏறி வர வேண்டுமானால் முகத்துவாரம் மணல் மூடாமல் இருக்க வேண்டும், ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும், அணைக்கட்டுச் சுவர் கொஞ்சமாவது நனைந்திருக்க வேண்டும். அணை கட்டும்போது பாசனத்தைக் கணக்குப் போடுகிறோம், மீன் ஏறுவதற்குச் சரிவாக ஒரு ஓரத்தை விடுவதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது, ஆனாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

வலையில் சிக்கினால் சாப்பிடாதே என்று சொல்ல நான் யார், எனக்கும் பிடிக்கும். வழுக்கினால் சாம்பல் போட்டுப் பிடியுங்கள், நன்றாக வேகவையுங்கள், பச்சை ரத்தத்தில் விஷம் உண்டு, வெந்தால் போய்விடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் வயிறு வெளுத்துக் கண் பெருத்த ஒன்று வந்தால், அதை மட்டும் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்களேன்.