விவசாயக் கழகத்துப் பரிசளிப்பை நாங்கள் நடத்தும் விதம்

மாசி பிறந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் விவசாயம் படிப்பிப்பவர்கள் என்னிடம் கேட்கத் தொடங்குவார்கள்: "டீச்சர், உங்கட கழகத்துப் பரிசளிப்புக்குத் தாய் தகப்பன் எல்லாரும் வாறாங்களாமே, எப்படி?" போனில் துண்டு துண்டாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இந்த வருடம் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் திகதி. பரிசளிப்பு விழா என்றதும் மார்கழியில், தவணை முடியும் நேரத்தில் வைக்கத்தான் எல்லோருக்கும் மனம் வரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் அது சரிவராது. வடகீழ்ப் பருவமழை கொட்டுகிற நேரம். குளம் நிறைந்து வான் பாயும், தெருவுக்கு மேலால் தண்ணீர் ஓடும். தை, மாசியில் வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை. அந்தக் கிழமைகளில் ஒரு தகப்பனை வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்து கதிரையில் இரு என்று சொல்ல முடியாது; வெட்டு மெசின் எப்போது தன் வட்டைக்கு வரும் என்று வரம்பில் காவல் நிற்பார். ஆகவே வெட்டு முடிந்து, நெல் காய்ந்து, கையில் கொஞ்சம் காசும் இருக்கிற பங்குனிதான் எங்கள் மாதம். சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தி முடித்துவிட வேண்டும். வைகாசிக்குத் தள்ளினால் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கிவிடும், ஊரே அங்கேதான் இருக்கும்.

அடுத்தது நேரம். இராப் போசனம் வைத்தால் அழகாக இருக்கும் என்று பழைய மாணவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். மின்குமிழ் மாலை, மேசை விரிப்பு எல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வீடு காட்டோரம். பொழுது பட்டால் யானை இறங்கும். ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு சைக்கிளில் அந்தப் பாதையால் போக வேண்டும் என்று நினைத்தால் எந்த விருந்தும் தொண்டையில் இறங்காது. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி, பகல் சாப்பாட்டோடு முடித்து, மூன்று மணிக்கு எல்லோரையும் அனுப்பிவிடுகிறோம். குருமண்வெளித் துறையால் பாதைப்படகு ஏறிப் போகிறவர்களுக்கும் அதுதான் வசதி.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புகிற விஷயம். பரிசைவிட, பரிசு கொடுக்கும்போது வாசிக்கிற நாலு வரிதான் பெரிது. "சிறந்த விவசாய மாணவர், முதலாம் இடம்" என்று வாசித்துக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தால், அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே இருப்பவர்களோ பயிரோடு பிறந்து வளர்ந்தவர்கள். என்ன செய்தது என்று சொன்னால் அதன் அருமை அவர்களுக்கு உடனே விளங்கும். விளக்கம் தேவையே இல்லாத சபை ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது, அதை ஏன் வீணாக்க வேண்டும்?

போன முறை வாசித்ததில் ஒன்றை அப்படியே தருகிறேன். "தரம் ஒன்பது. 2024 கார்த்திகை வெள்ளத்தில் நாற்று மேடைக்குள் தண்ணீர் ஏறியபோது, வகுப்பறை மேசைகளுக்கு மேல் மேசை வைத்து மிளகாய் நாற்றுத் தட்டுகளை ஏற்றினார். தண்ணீர் வற்றும் வரை தம்பியோடு வந்து தட்டுகளை வெளிச்சம் படும் யன்னல் பக்கம் திருப்பி வைத்தார். இன்று கழகத் தோட்டத்தில் காய்க்கும் மிளகாய் அந்த நாற்றுகள்." வாசித்து முடிய முந்தியே பின் வரிசையில் பெண்கள் குரவை போட்டார்கள். கலியாண வீட்டிலும் கோயிலிலும் கேட்கிற குரவை, ஒரு மிளகாய் நாற்றுக்காக. அந்தப் பிள்ளையின் தாய் பிறகு என்னிடம் வந்து, "என்ட மகள் பள்ளிக்கூடத்துக்குப் போறன் எண்டுதான் சொன்னவள் டீச்சர், இதுக்கெண்டு சொல்லயில்ல" என்றார்.

இப்படி எழுத வேண்டுமானால் வருடம் முழுவதும் குறிப்பு இருக்க வேண்டும். கடைசிக் கிழமையில் யோசித்தால் வராது. கழகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தோட்டக் கொப்பி. விதைத்த நாள், முளைத்த அளவு, போட்ட பசளை, கண்ட பூச்சி, எல்லாம் அதில். பரிசுக்குரியவர்களை நான் மட்டும் தெரிவுசெய்வதில்லை. கொப்பிகளைப் பிள்ளைகளே மாற்றி மாற்றி வாசித்துப் பெயர் சொல்வார்கள். நான் கவனிக்காத எத்தனையோ விஷயம் அவர்களுக்குத் தெரியும். சோளன் குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் கிடந்தால் உள்ளே படைப்புழு இருக்கும். 2018 பெரும்போகத்தில் எங்கள் பக்கத்துச் சோளனை அழித்த அதே புழு. விடிய வந்து ஒவ்வொரு குருத்தையும் விரித்துப் பார்த்து, இலைக்கடியில் பஞ்சு மூடிய முட்டைக் கூட்டங்களை நசுக்கிவிட்டுப் பிறகு கைகழுவி வகுப்புக்குப் போன பையனைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவன் கூட்டாளிதான்.

ஒரு பரிசை நான் எந்த வருடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விளையாத பயிருக்கான பரிசு. பயற்றைக் கொடி முழுவதும் அழுக்கணவன் என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி பிடித்து ஒரு பிள்ளையின் பாத்தி போய்விட்டது. ஆனால் அவளுடைய கொப்பியில் எல்லாம் இருந்தது: எறும்பு கொடியில் ஏறத் தொடங்கிய நாள், குருத்து சுருண்ட நாள், சாம்பல் தூவியதால் என்ன நடந்தது, பொறிவண்டு எந்தச் செடியில் வந்தது, எந்தச் செடியில் வரவில்லை. இந்தக் கொப்பி அடுத்த வருடம் பயற்றை போடுகிற பிள்ளைக்கு ஒரு பாடப் புத்தகத்தைவிட உதவும். விவசாயத்தில் போவதும் வருவதும் சகஜம். தோற்றதை ஒழுங்காக எழுதி வைப்பவளையும் மேடைக்கு ஏற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாசிப்பவர் யார் என்பதும் முக்கியம். கூட்டெருப் பரிசை எங்கள் விவசாயப் போதனாசிரியர் வாசிப்பார். 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது ஊர் முழுக்கக் கூட்டெருவைப் பற்றிக் கேட்டது; அந்த வருடக் கடைசியில் தடை போனாலும் எங்கள் பிள்ளைகள் குவியல் போடுவதை விடவில்லை. குவியலுக்குள் இரும்புக் கம்பியைக் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு இழுத்து, கையால் தொட்டுச் சூடு பார்ப்பார்கள். கம்பி சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது. குளிர்ந்திருந்தால் புரட்ட வேண்டும். நீர்ப்பாசனம், வாய்க்கால் துப்புரவு சம்பந்தமான பரிசென்றால், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையார்தான். அவர் வாயால் ஒரு பிள்ளையின் பெயர் வந்தால், அந்த ஊரில் அதற்கு மேல் சான்றிதழ் இல்லை.

அதிதிகள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழைப்பிதழில் பெயர் போடும் முன்பே, பேச்சு ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை வந்த அதிதி ஒருவர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேச, சின்னப் பிள்ளைகள் வெயிலில் வாடிப்போனார்கள். அழைக்க வேண்டியவர்களில் மறக்கக் கூடாதவர்கள்: தோட்டத்தை உழுது தந்த மெசின்காரர், சாணம் தந்த பட்டிக்காரர், விடுமுறையில் தண்ணீர் ஊற்றிய காவலாளி. அவர்களுக்கு முன் வரிசையில் கதிரை.

அமெரிக்காவில் எஃப்.எஃப்.ஏ. என்று மாணவர்களுக்கான விவசாய அமைப்பு ஒன்று 1928இலிருந்து இருக்கிறது. அங்கேயும் கழகங்கள் பெற்றோரை அழைத்து விருந்து வைத்துப் பரிசு கொடுக்கும். அங்கே படிக்கும் என் தங்கச்சி மகன் வீடியோ அனுப்பியிருந்தான். நீலக் கோட்டுப் போட்ட பிள்ளைகளே நிகழ்ச்சியை நடத்துகிறார்கள். தலைவர் உதயசூரியன் சின்னத்தருகே, உபதலைவர் ஏருக்கருகே, செயலாளர் சோளக்கதிருக்கருகே நின்று, தான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று சொல்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இப்போது எங்கள் தலைவி நெற்கதிர்க் கட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். செயலாளர் மழைமானியோடும் மழைப் பதிவுக் கொப்பியோடும். பொருளாளருக்கு மரைக்கால், நெல் அளக்கிற பழைய கொள்கலன். பெரிய வயற்காரரான ஒரு போடியார் வீட்டிலிருந்து இரவல் வாங்கியது, விளிம்பு கைபட்டுத் தேய்ந்து பளபளவென்றிருக்கும். அதைக் கண்டதும் வயதானவர்கள் எழும்பி வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். எத்தனை மரைக்கால் ஓர் அவணம் என்று பேரப்பிள்ளைகளிடம் கேட்கிறார்கள்.

சாப்பாடு. சமையலுக்கு ஆள் பிடித்து பிரியாணி எடுப்பது சுலபம், ஆனால் விவசாயக் கழகத்து விருந்தில் கழகத்து விளைச்சல் இல்லையென்றால் என்ன விருந்து? ஏ.டி. 362 சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய்ப் பிரட்டல், பூசணிக்காய், முருங்கையிலைச் சுண்டல், வாவி இறால், கடைசியில் எருமைத் தயிரும் தேனும். வத்தகப்பழம் தட்டு நிறைய. அரிசியும் இறாலும் தயிரும் தேனும் தவிர மற்றதெல்லாம் தோட்டத்திலிருந்தோ பிள்ளைகளின் வீட்டு வளவிலிருந்தோ வரும். அம்மாமார் முதல் நாள் பின்னேரமே வந்து தேங்காய் உரித்து வைத்துவிட்டுப் போவார்கள், விடிய மூன்று கல்லடுப்பு எரியும். ஒவ்வொரு சட்டிக்கு முன்னாலும் ஒரு மட்டை அட்டை: இந்தக் கத்தரி யார் பாத்தியில், எப்போது நட்டது, எந்தப் பசளை. மக்கள் கோப்பையோடு நின்று அதை வாசித்துவிட்டுத்தான் அடுத்த சட்டிக்கு நகர்வார்கள். பரிசு கிடைக்காத பிள்ளையின் பெயரும் அங்கே இருக்கும். அதற்காகவே, எவருடைய பெயரும் விடுபடாதபடி அட்டைகளை முதல் நாளே இடாப்பை வைத்துச் சரிபார்க்கிறோம்.

பரிசாக என்ன கொடுப்பது என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் கிண்ணம் அலுமாரிக்கு மேல் தூசு பிடிக்கும். நாங்கள் கொடுப்பது மண்வெட்டி, கிளை வெட்டும் கத்தரி, ஒட்டு மாங்கன்று, விதைப் பொதி. மண்வெட்டியின் பிடியில் பிள்ளையின் பெயரையும் வருடத்தையும் சுட்டு எழுதித் தருவதற்கு ஊரில் ஒரு தச்சர் இருக்கிறார், காசு வாங்க மாட்டார்.

செலவுக்குப் பணம் திரட்ட வேண்டாம், நெல்லாகக் கேளுங்கள். வெட்டு முடிந்த கையோடு போனால் கமக்காரர் அமைப்பில் ஆளுக்கு ஒரு மரைக்கால், இரண்டு மரைக்கால் என்று மனம் நிறைந்து தருவார்கள். குற்றியது போக மிஞ்சுவதை விற்று, வாடகைக் கதிரைக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுத்துவிடலாம். போன முறை அதற்கும் மேலே கொஞ்சம் மிஞ்சியது. சிறுபோகத்துக்கு விதைக் கச்சானும் கௌபியும் வாங்கி வைத்திருக்கிறோம்.