அம்மாவின் தாடையில் வளரும் எலும்பு

அம்மாவுக்கு வலது கடைவாய்ப் பல் எடுத்து மூன்று வருடமாகிறது. இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர், வைக்கப் போனால், ஸ்கேனில் அந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. பல் போனால் அதைத் தாங்கிய எலும்பும் கரையும். முதல் 6 மாதத்தில்தான் வேகம் அதிகம். அன்றே தெரியாமல் போனதே என்று மனம் அடித்துக்கொண்டது.

சரி, எலும்பு ஒட்டு வைப்போம் என்றார் டாக்டர். பதப்படுத்திய மாட்டெலும்புத் துகள் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் டாக்டர், தாடையின் பின்பக்கத்திலிருந்து அம்மாவின் எலும்பையே கொஞ்சம் சுரண்டி, செயற்கை கால்சியம் பாஸ்பேட் துகளோடு கலந்து நிரப்பி, மேலே கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வு போர்த்தினார். எலும்பைவிட ஈறு வேகமாக வளரும். சவ்வு இல்லையென்றால் இடத்தை ஈறே பிடித்துக்கொள்ளுமாம். துகள், கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு ரத்தக்குழாய்கள் நுழைய, அம்மாவின் செல்களே புது எலும்பைக் கட்டுகின்றன.

இது 4-வது மாதம். இன்னமும் இடதுபக்கம்தான் மெல்கிறார். ஐப்பசியில் அடுத்த ஸ்கேன்.