கணைக்காலில் மினுங்கும் திட்டு: களிம்பு ஓரத்துக்கு மட்டும்

கணைக்காலின் முன்பக்கம் மெழுகு பூசியதுபோல் ஒரு திட்டு மினுங்கும். நடுவில் தோல் மெலிந்து மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும், மெல்லிய ரத்தக் குழாய்கள் கொடிகொடியாகத் தெரியும். ஓரம் மட்டும் சிவந்து தடித்திருக்கும். இதுதான் நெக்ரோபயோசிஸ் லிப்பாய்டிகா என்ற தோல் நோய். சர்க்கரை நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. அதே இடத்தில் சர்க்கரையால் வரும் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் வேறு, அவற்றுக்கு மருந்தே வேண்டாம்.

படை என்று நினைத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பில்தான் முதல் கேடு. அதில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். திட்டு முழுக்கத் தடவினால், ஏற்கெனவே மெலிந்த நடுத்தோல் இன்னும் மெலியும். பிறகு சீமைக்கருவேல முள் கீறினாலோ, வள்ளத்தில் ஏறும்போது விளிம்பு இடித்தாலோ போதும், புண்ணாகிவிடும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எப்படியும் புண் வருகிற நோய் இது.

நோய் உயிரோடு இருப்பது ஓரத்தில். குளோபீட்டசால் 0.05 சதவீதக் களிம்பைத் தோல் மருத்துவர் சொன்னபடி ஓரத்தில் மட்டும் தடவ வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் ரேகை வரை பிதுக்கினால் அரை கிராம், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். ஓரத்துக்கு அதில் கால்பங்கே அதிகம். சில வாரத்தில் மருத்துவரிடம் திரும்பக் காட்ட வேண்டும். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் 0.1 சதவீதக் களிம்பு தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் எரியும், பலன் தெரிய மாதங்கள் ஆகும். ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் ஓரத்தில்தான், அதன்பின் சில நாள் சர்க்கரை ஏறலாம். ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் பென்டாக்சிஃபிலின் மாத்திரை 400 மி.கி. தினம் மூன்று வேளை, சாப்பிட்ட பின். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோலில் ஒளி கூடுதலாக வேலை செய்ய வைக்கும் சோராலன் மாத்திரையோடு ஒளி சிகிச்சையும் உண்டு. ஆனால் மாத்திரை விழுங்கிய நாளில் வெயில் படக் கூடாது. கடலுக்குப் போகிறவர்களுக்கு அது எப்படி ஒத்துவரும்?

சர்க்கரையைக் குறைத்தால் திட்டு மறையும் என்று உறுதி சொல்ல முடியாது. புண் ஆறுவதற்கு அது கட்டாயம்.

புண் வந்துவிட்டால் கடல் தண்ணீர் படவே கூடாது. உப்புத்தண்ணி புண்ணை ஆற்றும் என்று கரையில் சொல்வது சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்தான பேச்சு. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி புண் வழியே நுழைந்தால், சில மணி நேரத்தில் கால் சிவந்து வீங்கிக் கொப்புளம் கிளம்பும், காய்ச்சல் அடிக்கும். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் புண் மூடும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது. கூலி போகும் என்பது தெரிந்தேதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். சலைனில் (கிருமி நீக்கிய மருந்து உப்புநீர்) கழுவி, ஒட்டாத பாரஃபின் வலைத்துணி வைத்து, ரோலர் பேண்டேஜ் துணியால் சுற்றவும். பிளாஸ்திரி ஒட்டினால் உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். ரத்த ஓட்டம் சோதிக்காமல் இறுக்கமான காலுறை போடக் கூடாது. மாதக்கணக்கில் ஆறாமல் ஓரம் தடித்தால், சதைப் பரிசோதனை தேவை. அரிதாக அதில் புற்றுநோய் வரும்.

மாதம் ஒருமுறை தெளிவான பாலித்தீன் தாளைத் திட்டின்மேல் வைத்து, ஓரத்தைப் பேனாவால் வரைந்து தேதி எழுதி வையுங்கள். ஓரம் நகர்ந்திருந்தால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போகலாம். நகராமல் நிறம் மட்டும் அப்படியே நின்றால், அது தழும்பு. அதற்குக் களிம்பு தேவையில்லை.