சித்தி எடுத்த இன்டர்வியூ

சித்தி நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டையர் ஆகிட்டாங்க, வார்டுதான் அவங்களை விட மாட்டேங்குது. இன்னிக்கு அண்ணிக்கு நர்ஸ் வேலை இன்டர்வியூ. நேத்து ராத்திரியே எங்க சிங்கப்பூர் ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில மூக்குக்கண்ணாடி மாட்டிக்கிட்டு, அண்ணிக்கு ஒத்திகை இன்டர்வியூ எடுக்க உட்கார்ந்துட்டாங்க. சாம்பார்ச் சட்டி ஓரங்கட்டப்பட்டது.

"எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் வருவீங்களா?"

"எப்பக் கூப்பிட்டாலும் வருவேன் மேடம்."

"போச்சு! ஆள் குறையுற நாளெல்லாம் உன் போன்தான் அடிக்கும். வீட்ல இவன் கஞ்சி வைப்பான், நீ குடிக்கணும்."

அண்ணன் தட்டை மட்டும் பார்த்தார்.

"பிள்ளை சின்னது, நைட் முடியாது மேடம்."

"அப்போ கிளினிக்ல கேளு. வார்டுக்கு ஏது கதவடைப்பு?"

சித்தி பாணியில பதில் இப்படி: "ஏஎம், பிஎம், நைட்னு காலை, மதியம், ராத்திரி மூணு ஷிஃப்டும் செய்வேன். ராத்திரி பிள்ளையை மாமியார் பார்த்துக்குவாங்க. எக்ஸ்ட்ரா மாசத்துக்கு ரெண்டு. ரெண்டு நாள் முன்னாடி சொன்னா மூணு. புதன் சாயங்காலம் மட்டும் முடியாது." எண்ணும் கிழமையும் இல்லாத பதில் பதிலே இல்லையாம்.

"மாமியாரை யாரு கேட்டா?" அடுப்படியிலிருந்து அம்மா.

சித்தி காதில் விழலை. திருப்பிக் கேட்க வேண்டியதுக்குப் போயிட்டாங்க. ரோஸ்டர், அதான் ஷிஃப்ட் அட்டவணை, எத்தனை வாரம் முன்னாடி வரும்? எக்ஸ்ட்ராவுக்குக் காசா, பதில் லீவா? பிஎம் முடிச்ச மறுநாளே ஏஎம் போடுவாங்களா? ராத்திரி 9.30க்கு அடுத்த ஷிஃப்டுக்கு ரிப்போர்ட் கொடுத்து, பஸ் பிடிச்சு, குளிச்சுப் படுத்தா 12. காலையில 7 மணி ரிப்போர்ட்டுக்கு 5 மணிக்கே எந்திரிக்கணும். மருந்துச் சீட்டுல எழுத்து நீந்துறது அந்தக் காலையிலதான்.

அண்ணன் கைபேசியைத் தடவி, "மாசத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல ஓவர்டைம் வாங்கக் கூடாதாம் சித்தி."

"அந்தச் சட்டப் பிரிவு நர்ஸுக்கு அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி வரைக்கும்தான்டா. அதுக்கு மேலன்னா ஒப்பந்தத்துல இருக்கிறதுதான். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லு."

கடைசியா பண்டிகை பேரம். "சீனப் புத்தாண்டு ரெண்டு நாளும் நான் நிக்கிறேன், தீபாவளியை எனக்கு விடுங்கன்னு முதல்லயே சொல்லிடு. பொங்கலுக்கு இங்க பொது லீவு கிடையாது, ஆண்டு லீவுல கழி."

அம்மா கரண்டியோட வந்து நின்னாங்க. "நீ எத்தனை தீபாவளிக்குடீ வீட்ல இருந்த?"

சித்தி விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது கைக்குப் போகலை.

"சாம்பார் ஆறிப்போச்சுக்கா, சூடு பண்ணு."