கடைசித் தேதியை நம்பாதீர்கள்

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். பல கல்லூரிகளின் கடைசித் தேதி அக்டோபர், நவம்பர் என்றிருக்கும். அதைப் பார்த்து ஆற அமர இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பம் வர வரப் படித்து நேர்காணலுக்கு அழைத்துவிடுகின்றன. பல கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாக அனுப்பும் பொது இணையச் சேவையான ஆம்காஸில் (AMCAS) ஜூனிலேயே அனுப்பிவிடுவது நல்லது.

படித்த கல்லூரிகளின் மதிப்பெண் பட்டியல்கள் ஆம்காஸுக்கு வந்து சேர்ந்தால்தான் விண்ணப்பச் சரிபார்ப்பே தொடங்கும். கூட்டமான மாதங்களில் அதற்கே பல வாரம் பிடிக்கும். பரிந்துரைக் கடிதங்கள் பின்னால் வந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதும் கட்டுரை. இடைவெளியும் சேர்த்து 5,300 எழுத்துதான் இடம். "சின்ன வயசிலிருந்தே டாக்டராக ஆசை" என்று அதை வீணாக்க வேண்டாம், ப்ளீஸ். தன்னார்வலராகப் போன இடத்தில், ஸ்கேனுக்குப் பயந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குப் பேச்சுத்துணையாக இருந்தீர்களா? அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொல்லத் திணறினீர்கள் என்று எழுதுங்கள். படிப்பவருக்கு உங்களைத் தெரிவது அங்கேதான்.

தன்னார்வப் பணி, ஆராய்ச்சி, வேலை போன்ற செயல்பாடுகளைக் குறிப்பிட விண்ணப்பத்தில் 15 இடம் உண்டு. எல்லாவற்றையும் நிரப்பியாக வேண்டும் என்றில்லை. மனசார உழைத்தவை போதும் என்பேன்.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டின் (MCAT) மதிப்பெண் வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதையும் கணக்கில் வைத்துத் தேர்வுக்கு இப்போதே பதிந்துவிடுங்கள்.