காசியில் கிடந்த ஹரிக்கேன்

லண்டனிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறி பிகிள்ஸ்வேடில் இறங்கினால், டாக்ஸியில் கொஞ்ச தூரம்தான் ஓல்டு வார்டன். கிராமத்தை ஒட்டி ஒரு புல்தரை ஓடுதளம். அதன் ஓரத்தில் ஷட்டில்வொர்த் அருங்காட்சியகத்தின் கொட்டகைகள். 1909ஆம் வருடத்து பிளேரியோ விமானம்கூட அங்கே இருக்கிறது. அதையெல்லாம் நின்று பார்க்கப் பொறுமையில்லை. நான் தேடிப் போனது ஹரிக்கேன் ஆர்4118, இரண்டாம் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம்.

1998இல், பள்ளி விடுமுறையில், வீட்டில் எல்லோரும் காசிக்குப் போனோம். அனுமன் காட் பக்கம் தங்கல். கடைசி நாள் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் புது விஸ்வநாதர் கோயிலுக்கு ரிக்‌ஷாவில் போனோம். அதே வளாகத்தில்தான் அன்று இந்த விமானம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. எங்களுக்கு எப்படித் தெரியும்? பல வருடம் கழித்து இதன் கதையைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மனதில் இருந்த பயணம் இது.

கொட்டகைக்குள் கை எட்டும் தூரத்தில் நின்றது. நினைத்ததைவிடப் பெரிது. முன்பாதி உலோகம், பின்பாதி மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. போர்க்காலத்தில் அந்தத் துணியே வரமாக இருந்தது. குண்டு ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும், ஓட்டையில் துணி ஒட்டித் திரும்பப் பறக்கவிடலாம். சாபமும் கூடவே இருந்தது. விமானியின் முன்னால் ஒரு பெட்ரோல் தொட்டி. அதில் தீப்பிடித்தால் முகமும் கையும் வெந்துவிடும். இறக்கைகளில் எட்டு துப்பாக்கிகள். விசையை விடாமல் அழுத்தினால் சுமார் 15 விநாடிகளில் குண்டு தீர்ந்துவிடும். அவ்வளவுதான் அவகாசம்.

1940 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் டிரெம் தளத்தில் 605ஆம் படைப்பிரிவுக்கு இது புதிதாக வந்து சேர்ந்தது. செப்டம்பர் 7, ஜெர்மானியர் லண்டன் மீது பெரும் குண்டுவீச்சைத் தொடங்கிய நாள். அதே நாளில்தான் அந்தப் படைப்பிரிவு லண்டனுக்குத் தெற்கே குராய்டனுக்கு மாறியது. அங்கிருந்து இந்த ஒரு விமானம் மட்டும் 49 முறை சண்டைக்குக் கிளம்பியிருக்கிறது. ஓட்டியவர்களில் ஒருவர் பாப் ஃபாஸ்டர். அப்போது அவருக்கு வயது 20. நம் ஊரில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் பையன். அந்த வயதில் விடியற்காலையில் எழுந்து, தொலைபேசி மணிக்காகக் காத்திருந்து, அடித்ததும் ஓடிப் போய் இந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். காக்பிட்டை எட்டிப் பார்த்தபோது அந்த இடம்தான் கண்ணில் பட்டது. தோள் இடிக்காமல் திரும்ப முடியாது.

அக்டோபரில் அடிபட்டு, பழுது பார்க்கப்பட்டு, பிறகு பயிற்சி விமானமாகி, 1943 முடிவில் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. 1947இல் பொறியியல் மாணவர்கள் பிரித்துப் பார்த்துப் படிக்கட்டும் என்று பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். மற்ற ஹரிக்கேன்கள் ஆயிரக்கணக்கில் பழைய இரும்பாகப் போயின. இது தப்பியதற்கு அந்தக் கல்லூரி இதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் காரணம். மீட்டவரைப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும்.

மீட்டவர் பீட்டர் வேச்சர். பழைய ரோல்ஸ்ராய்ஸ் கார்களைத் தேடி இந்தியா வந்தவர், 1982இல் இதைக் கண்டார். மனதை விட்டுப் போகவில்லை. 1996இல் மறுபடி வந்து, நடையாய் நடந்து, 2001இல் வாங்கினார். 2004 டிசம்பரில் அது திரும்பப் பறந்தது. ஃபாஸ்டர் அப்போதும் இருந்தார். தான் ஓட்டிய விமானத்தின் பக்கத்தில் வந்து நின்றார். 2014இல், 94 வயதில் காலமானார்.

மாலையில் அதை வெளியே தள்ளி வந்தார்கள். மெர்லின் என்ஜின் இரண்டு முறை இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. தலைக்கு மேல் வந்தபோது ஊரில் இருந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டு, போனை மேலே தூக்கிப் பிடித்தேன்.

“என்னடா சத்தம்?”

“நாம காசிக்குப் போனப்ப அங்க கிடந்த விமானம்மா. இப்ப பறக்குது.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “இன்னொரு தடவை வந்தா சொல்லு, வைக்காத,” என்றார். வைக்கவில்லை. அது மரங்களுக்கு மேல் சுற்றித் திரும்பி வந்தது.